சாட்சி மாற்றிச் சொன்னால்? முன் வாக்குமூலத்தைக் கொண்டு முரண் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

குற்றவியல் நீதிமன்றத்துக்குப் புதிதாக வரும் ஜூனியரிடம் சீனியர் முதலில் தள்ளிவிடும் கட்டு பெரும்பாலும் சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள்தான். “எங்கெங்க மாத்திப் பேசுறாங்கன்னு குறிச்சு வைப்பா” என்பார். குறித்து வைப்பது எளிது. குறித்ததைச் சட்டப்படி நீதிமன்றப் பதிவில் ஏற்றி, இறுதி வாதம் வரை சிதையாமல் கொண்டுபோவதில்தான் வேலை இருக்கிறது.

கூண்டில் சாட்சி திணறியதை அன்று கோர்ட் ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் தீர்ப்பு எழுதும் நாளில் நீதிபதி முன்னால் இருப்பது சாட்சியப் பதிவு மட்டும்தான். மேல்முறையீட்டுக்குப் போனால் அந்தச் சாட்சியை நேரில் பார்த்த ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். ஆகவே நாம் காகிதத்தை மனதில் வைத்தே ஒவ்வோர் அடியும் எடுத்து வைப்போம். எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக, நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

எவை முன் வாக்குமூலங்கள்?

முதலாவது, முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையான புகார். அடுத்து, விசாரணை அதிகாரி சாட்சிகளை விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள். கோர்ட் வளாகத்தில் இதை ‘ஒன் சிக்ஸ்டி ஒன்’ என்றே சொல்வார்கள். மூன்றாவது, குற்றவியல் நடுவர் முன் கொடுத்த ‘ஒன் சிக்ஸ்டி ஃபோர்’. இவை தவிர வேறு வழக்கிலோ, அதே சம்பவத்தின் இன்னொரு விசாரணையிலோ அதே ஆள் சொன்ன சாட்சியமும் கணக்கில் சேரும்.

புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு: அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ஏ.ஆர். காப்பி என்றால் எல்லோருக்கும் தெரியும். காயம்பட்டவரோ அவரைக் கொண்டு வந்தவரோ டாக்டரிடம் சொன்னது அதில் ஓரிரு வரியில் இருக்கும். ‘அடையாளம் தெரியாத 3 பேர் கட்டையால் தாக்கியதாக’ என்று அதில் இருந்து, புகாரில் 5 பேரின் பெயரும் தகப்பன் பெயரும் வரிசையாக இருந்தால் நமக்குக் கிராஸ் பண்ண விஷயம் கிடைத்துவிட்டது. டாக்டரிடம் சொன்னது போலீஸிடம் சொன்னது அல்ல என்பதால், போலீஸ் வாக்குமூலத்துக்கு உள்ள தடைகள் இதற்குக் கிடையாது.

எந்தப் பிரிவில் நிற்கிறோம்?

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் தொடங்கி நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே நடப்பதால், இரண்டு எண்களும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போலீஸ் விசாரணை வாக்குமூலம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161. புதிய பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 180. அந்த வாக்குமூலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று சொல்வது பழைய 162, புதிய 181. நடுவர் முன் வாக்குமூலம் 164, இப்போது 183. எழுத்தில் உள்ள முன் வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யும் முறை பழைய சாட்சியச் சட்டத்தில் 145, புதிய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 148.

இவற்றில் 162தான் நம் கையில் உள்ள சாவி. போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. அதை வழக்கு விசாரணையில் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தவும் கூடாது. விதிவிலக்காக, அரசுத் தரப்புச் சாட்சியை முரண்படுத்த மட்டும் எதிரி தரப்பு அதை எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்ற அனுமதியோடு அரசுத் தரப்பும் எடுக்கலாம். ‘சாட்சி அன்றும் இதையேதான் சொன்னார்’ என்று வலுச் சேர்க்க அதைக் காட்ட முடியாது.

முதல் படி: நகல்களைச் சரிபார்ப்பது

குற்றப்பத்திரிகையோடு சேர்த்து வாக்குமூல நகல்கள் எதிரிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். பழைய பிரிவு 207, புதியது 230. புதிய சட்டம், எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் என்று கெடுவும் வைத்திருக்கிறது.

கையில் வாங்கியதும் பக்கங்களை எண்ணுவோம். படிக்க முடியாத ஜெராக்ஸ், பாதியில் நின்ற வாக்குமூலம், குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் இருந்தும் வாக்குமூலம் இல்லாத ஆள் ஆகியவற்றை அப்போதே நீதிமன்றத்தில் மனுவாகக் கொடுத்துவிட வேண்டும். சாட்சி கூண்டில் ஏறிய பிறகு “இந்த வரி தெரியவில்லை, யுவர் ஆனர்” என்று நின்றால் யாருக்கும் பொறுமை இருக்காது.

இன்னொன்றையும் பார்ப்போம். வாக்குமூலத்தில் போலீஸ் போட்ட தேதி ஒன்று, அது நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த தேதி வேறு. நீதிமன்ற முத்திரையும் நடுவரின் சுருக்கொப்பமும் உள்ள இடத்தில் அந்த இரண்டாவது தேதி கிடைக்கும். சம்பவத்துக்கு மறுநாள் எழுதியதாகச் சொல்லும் வாக்குமூலம் பல வாரம் கழித்துக் கோர்ட்டுக்கு வந்திருந்தால், இடையில் அது எங்கே இருந்தது என்பதும் நாம் விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டாம் படி: அட்டவணை

ஒரு நீளத்தாளை எடுத்து, சாட்சி ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். புகார், போலீஸ் வாக்குமூலம், நடுவர் வாக்குமூலம், நீதிமன்ற முதல் விசாரணை என நான்கு பத்திகள். கடைசிப் பத்தியைக் காலியாக விடுவோம், அது சாட்சி கூண்டில் பேசப் பேச நிரம்பும். இடது ஓரத்தில் நேரம், இடம், வெளிச்சம், ஆயுதம், யார் யார் இருந்தார்கள், யார் எங்கே அடித்தார், பிறகு எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று வரிசையாக எழுதுவோம்.

இந்த வேலைக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். வாக்குமூலத்தின் பக்க எண், வரி எண் மட்டும் தவறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எதை எடுப்பது, எதை விடுவது

எல்லா வித்தியாசமும் முரண் அல்ல. ஒருவர் 9.30 என்றும் இன்னொருவர் 10 மணி என்றும் சொன்னால் எந்த நீதிபதியும் அசைய மாட்டார். கண்ணால் கண்டதைப் பல வருடம் கழித்துச் சொல்லும் மனிதன் அப்படித்தான் சொல்வான் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழக்கின் அடிவேரைத் தொடும் முரணாக இருக்க வேண்டும்.

அடிவேர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வரியை வெட்டி எடுத்துவிட்டால் எதிரியின் மேல் உள்ள குற்றச்சாட்டு நிற்குமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நின்றால், அது சின்ன வித்தியாசம், விட்டுவிடலாம். ஒரு சாட்சிக்கு இரண்டு மூன்று நல்ல முரண் போதும். இருபது முரணைக் கொட்டினால் நல்லதும் சொத்தையும் கலந்து, நல்லது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நான்காம் படி: கூண்டில் கேட்பது

ஒரு மாதிரி வழக்கு. கோயில் கொடை இரவில் ஒரு வெட்டு. அ.சா.2 என்று குறிக்கப்பட்ட தேங்காய்க் கடைக்காரர், எதிரி அரிவாளால் வெட்டியதை நேரில் பார்த்ததாக நீதிமன்றத்தில் சொல்கிறார். போலீஸ் வாக்குமூலத்திலோ, சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது வெட்டுப்பட்டவர் ரத்தக் காயத்தோடு கிடந்தார் என்று இருக்கிறது.

எடுத்தவுடன் வாக்குமூலத்தை நீட்டக் கூடாது. முதலில் இன்று சொன்னதில் அவரை உறுதியாக நிற்க வைப்போம்.

“வெட்டியதை நீங்களே நேரில் பார்த்ததாகச் சொன்னீர்கள், சரிதானே?”

“ஆமாங்கய்யா.”

“இன்ஸ்பெக்டர் உங்களை விசாரித்தது மறுநாள் காலையில்?”

“ஆமாங்க.”

“அப்போது எல்லாம் நன்றாக ஞாபகத்தில் இருந்ததா?”

“இருந்துச்சுங்க.”

இப்போது அந்தப் பகுதியை, வாக்குமூலத்தில் உள்ள அதே சொற்களில், எழுத்து மாறாமல் படித்துக் காட்டி, “இப்படி இன்ஸ்பெக்டரிடம் சொன்னீர்களா?” என்று கேட்போம்.

பதில் மூன்று வகையில் வரலாம். “சொன்னேன்” என்றால் முரண் அங்கேயே நிரூபணமாகிவிட்டது, வேறு சாட்சியம் தேவையில்லை. “சொல்லவில்லை” என்றால் முரண் பதிவில் மட்டுமே ஏறியிருக்கிறது, இன்னும் நிரூபணமாகவில்லை. “ஞாபகம் இல்லை” என்றாலும் ‘சொல்லவில்லை’ என்பதற்கு எடுக்கும் அதே வழியைத்தான் எடுப்போம்.

அதன் பிறகு ‘அப்புறம் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கும் ஆசை வரும். கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி, விளக்கம் சொல்லச் சாட்சிக்கு நாமே திறந்துவிடும் கதவு.

பதிவில் என்ன ஏறியது என்று பார்ப்பது

நம் ஊர் சாட்சியப் பதிவுக்கு ஒரு தனி நடை உண்டு. சாட்சி மறுத்தால், ‘சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் ரத்தக் காயத்துடன் கிடந்தார் என்று நான் போலீஸ் விசாரணையில் சொன்னேன் என்றால் சரியல்ல’ என்று தட்டச்சாகும். ஒப்புக்கொண்டால் ‘என்றால் சரிதான்’ என்று முடியும். ‘சொல்லவில்லை என்றால் சரியல்ல’ என்று இரண்டு மறுப்பு ஒன்றாக வரும்போது, எதிரெதிர் பொருள் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. நீதிபதி சொல்லச் சொல்லக் காதைத் தீட்டி வைத்துக் கேட்போம். தவறு தெரிந்தால் சாட்சி கையெழுத்துப் போடுவதற்குள் எழுந்து பணிவாகச் சொல்வோம். அடுத்த வாய்தாவில் சொன்னால் அது பெரிய மனுவாகிவிடும்.

படித்துக் காட்டிய பகுதி, அந்தச் சொற்களிலேயே, சாட்சியப் பதிவில் இருக்க வேண்டும். ‘போலீஸ் வாக்குமூலம் காட்டப்பட்டது, மறுக்கிறார்’ என்று மொட்டையாக இருந்தால் பயன் இல்லை. அதே நேரம், முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியீடு செய்துவிடக் கூடாது. முரணான வரி மட்டும்தான். முழுவதும் உள்ளே வந்தால் நமக்கு எதிரான வரிகளும் கூடவே உள்ளே நுழையப் பார்க்கும். முரண் காட்டப் பயன்படுத்திய விஷயத்தை விளக்கும் அளவுக்கு, வாக்குமூலத்தின் மற்ற பகுதியை மறு விசாரணையில் எடுக்க அரசு வழக்கறிஞருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் நினைவில் வைப்போம்.

சொல்லாமல் விட்டது முரணா?

இதுதான் கொஞ்சம் சிக்கலான இடம், நின்று நிதானமாகப் பார்ப்போம். தேங்காய்க் கடைக்காரர் நீதிமன்றத்தில் “தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்” என்கிறார். போலீஸ் வாக்குமூலத்தில் தெருவிளக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது விடுபாடு.

இந்தக் கேள்வியை 1959இல் உச்ச நீதிமன்றத்தின் 6 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்த்தது. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் மான் சிங்கின் மகன் தஹ்சில்தார் சிங் தொடர்ந்த மேல்முறையீடு அது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் சண்டை வெளிச்சத்தைப் பற்றித்தான். கேஸ் விளக்கு இருந்ததைப் போலீஸிடம் சொன்னீர்களா என்று சாட்சியிடம் கேட்ட கேள்வியை செஷன்ஸ் நீதிபதி அனுமதிக்கவில்லை. அந்த மறுப்புதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. மேல்முறையீடு தோற்றாலும் சட்டம் அங்கே தெளிவானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ்.

விடுபாடு முரணாகும் மூன்று நிலைகளை அந்தத் தீர்ப்பு காட்டியது. அன்று ஒருவர் மட்டும் குத்தினார் என்று பொருள்பட சொல்லிவிட்டு இன்று இருவர் குத்தினார்கள் என்பது ஒன்று. அன்று கறுத்த ஆள் என்று சொல்லி இன்று சிவந்த ஆள் என்பது இரண்டாவது. அன்று வடக்குச் சந்தில் ஓடினார் என்று சொல்லி இன்று தெற்குச் சந்து என்பதுபோல, இரண்டும் சேர்ந்து நிற்கவே முடியாத நிலை மூன்றாவது. பிறகு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 162க்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சூழ்நிலையைப் பொறுத்து விடுபாடு முக்கியமானதாக இருந்தால் அதுவும் முரணே, அது முக்கியமா இல்லையா என்பது அந்தந்த வழக்கின் உண்மையைப் பொறுத்தது. புதிய 181லும் அதே விளக்கம் இருக்கிறது.

ஆக, இருட்டில் அடையாளம் கண்டதே வழக்கின் உயிராக இருந்தால் தெருவிளக்கு விடுபாட்டை எடுப்போம். எதிரியும் சாட்சியும் ஒரே தெருக்காரர்கள், குரலை வைத்தே தெரியும் என்றால் அதற்கு மதிப்பு குறைவு. ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாக இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை என்கிறேன்’ என்று கேள்வியாக வைத்து, பதிலைப் பதிவில் ஏற்றுவோம்.

ஐந்தாம் படி: விசாரணை அதிகாரி

பெரும்பாலான நல்ல முரண்கள் சாவது இங்கேதான். சாட்சி மறுத்த ஒவ்வொரு வரியையும், அந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியிடம் கேட்டே ஆக வேண்டும். அவர் தம் பதிவைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு, ‘அ.சா.2 என் விசாரணையில் அவ்வாறு கூறியுள்ளார்’ என்றோ, விடுபாடாக இருந்தால் ‘தெருவிளக்கு வெளிச்சம் பற்றி என் விசாரணையில் கூறவில்லை’ என்றோ சொன்ன பிறகுதான் முரண் நிரூபணமாகிறது. 2015இல் வி.கே.மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது. நிரூபிக்காத போலீஸ் வாக்குமூலத்தை நீதிமன்றமே தானாக எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது என்றது.

விசாரணை அதிகாரி கடைசிச் சாட்சியாக வருவார். சாட்சி 2 கூண்டில் ஏறிய நாளுக்கும் அவர் வரும் நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் ஓடியிருக்கும், சில வழக்கில் வருடமே ஓடும். ஆகவே ஒவ்வொரு சாட்சியும் இறங்கிய அன்று மாலையே, ‘ஐ.ஓ.விடம் கேட்க வேண்டியவை’ என்ற தனித் தாளில் அந்த வரிகளை எழுதி, கட்டின் மேல் குத்தி வைப்போம். ஒரு வழக்கில் இரண்டு மூன்று ஆய்வாளர்கள் மாறி மாறி விசாரித்திருப்பார்கள். எந்த வாக்குமூலத்தை யார் எழுதினார் என்பதையும் அந்தத் தாளில் குறிப்போம். எழுதாதவரிடம் கேட்டால் “எனக்குத் தெரியாது” என்ற பதில்தான் வரும்.

எதிரியே கூண்டில் ஏறினால்?

இங்கே நம் நாட்டுச் சட்டம் மற்ற பல நாடுகளிலிருந்து விலகிப் போகிறது. அமெரிக்காவில் எதிரி தானே சாட்சி சொல்ல வந்தால், போலீஸிடம் முன்பு சொன்னதைக் காட்டி அவரை அரசு வழக்கறிஞர் மடக்கலாம். எச்சரிக்கை செய்யாமல் வாங்கிய, நேரடிச் சாட்சியமாகச் செல்லாத வாக்குமூலத்தைக்கூட அதற்குப் பயன்படுத்தலாம் என்று 1971இல் ஹாரிஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம்மிடம் 162இன் வாசலில் அரசுத் தரப்புச் சாட்சி மட்டுமே நுழையலாம். எதிரி சத்தியப் பிரமாணம் செய்து தமக்காகச் சாட்சி சொன்னாலும், எதிர்தரப்புச் சாட்சி ஒருவர் வந்தாலும், அவர்களைப் போலீஸ் விசாரணை வாக்குமூலத்தால் முரண்படுத்த முடியாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் எதிரிக்கு எதிராகச் செல்லாது. பொருள் கைப்பற்ற வழிகாட்டிய பகுதி மட்டும், ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி’ என்ற பெயரில் உள்ளே வரும்.

அதற்காக எதிரியைத் துணிந்து ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அவர் நடுவர் முன் கொடுத்த வாக்குமூலம், எழுதிய கடிதம், சிவில் வழக்கில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் எல்லாம் அரசு வழக்கறிஞர் கையில் இருக்கலாம். பழைய 315, புதிய 353இன் கீழ் எதிரி தாமாக எழுத்தில் கேட்டால்தான் கூண்டில் ஏற முடியும். ஏறாமல் இருந்தால் அதைக் குறை சொல்லி எவரும் வாதிடக் கூடாது. நீதிபதி எதிரியிடம் நேராகக் கேட்கும் 313 கேள்விகள், இப்போதைய 351, சத்தியம் இல்லாமல் நடப்பவை. அங்கே குறுக்கு விசாரணை கிடையாது. என் அபிப்பிராயத்தில், சொல்ல வேண்டியதை அங்கே எழுத்து மூலமாகக் கொடுத்துவிடுவதே பெரும்பாலான வழக்குகளுக்குப் போதும்.

எவ்வளவு செலவு?

வாக்குமூல நகலுக்குச் செலவில்லை. சாட்சியப் பதிவின் சான்றிட்ட நகலுக்கு மனுவும் நகல் கட்டணமும் உண்டு, பெரிய தொகை அல்ல. கேட்க மறந்து, சாட்சியைத் திரும்ப அழைக்க 311 மனு, புதிய எண் 348, போட்டால்தான் கை சுடும். மனு அனுமதிக்கப்பட்டாலும் சாட்சிக்கு இவ்வளவு செலவுத்தொகை கட்டு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைவிட, நாம் என்ன கேட்கப் போகிறோம் என்பதைச் சாட்சி முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவதுதான் பெரிய நஷ்டம். முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணைக்குத் தயாராகப் போவதே மிச்சம். காவலில் உள்ள எதிரிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உரிமையாகவே கிடைக்கும். கட்சிக்காரர் வீட்டில் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் காட்டிவிடுவோம்.

உஷார்!

ஒருவர் கொடுத்த புகாரைக் கொண்டு இன்னொரு சாட்சியை முரண்படுத்த முடியாது. யார் சொன்னதோ அவரைத்தான் முரண்படுத்தலாம். அண்ணன் கொடுத்த புகாரைத் தம்பியிடம் காட்டும் ஜூனியரை இன்றும் பார்க்கலாம்.

சாட்சி பிறழ்ந்து போனார் என்று உடனே மகிழ வேண்டாம். அரசு வழக்கறிஞர் அனுமதி பெற்று, அதே போலீஸ் வாக்குமூலத்தைக் காட்டி அவரைக் குறுக்கு விசாரணை செய்வார். பிறழ் சாட்சி என்பதாலேயே அவர் சொன்னது முழுவதும் அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

முரண் நிரூபணமானால் போலீஸில் சொன்னதே உண்மை என்று ஆகிவிடாது. அந்த வாக்குமூலம் சாட்சியம் அல்ல, இன்று சொல்வதன் நம்பகத்தை மட்டும் அது குறைக்கும்.

கடைசிப் படி: வாதத்தில் வைப்பது

எழுத்து மூலமான வாதத்தில் ஒவ்வொரு முரணுக்கும் மூன்று இடங்களைக் குறிப்போம்: சாட்சி முதல் விசாரணையில் சொன்ன பக்கம், குறுக்கு விசாரணையில் மறுத்த பக்கம், விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்ட பக்கம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் அந்த முரணை வாதத்தில் சேர்க்காமல் விடுவதே நல்லது. சாட்சி கூண்டிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் முதல் இரண்டு போதும்.

வாய் வாதத்தில் வலுவான முரணில் தொடங்குவோம். பெரும்பாலும் நாம் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீதிபதி, “ஐ.ஓ.கிட்ட கேட்டீங்களா?” என்பார். பக்க எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த முரணுக்குப் போவோம்.